மதிலுக்குள் ஓர் ஊர்... ஜெய்சல்மேர் கோட்டையில் தங்கலாமா?

மதிலுக்குள் குடியிருப்பது ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் புது விஷயம் இல்லை. ஏழு பிராகாரங்களில் வெளிப்பக்கத்தில் இருப்பவை முழுக்க வீடும் கடையும்தான். உத்திர வீதியில் குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் உள்ளே பெருமாளுக்குத் தளிகை ஆகிக்கொண்டிருக்கும். அதனால், 'மக்கள் இன்னமும் வசிக்கிற கோட்டை' என்று ஜெய்சல்மேரைப் பற்றி நாங்கள் அளந்தபோது என் மாமியார் கொஞ்சமும் அசரவில்லை. "இதுல என்ன அதிசயம்? நாமளும் அப்படித்தானே இருக்கோம்!" என்றார். கோட்டைக்குள்ளேயே ரூம் எடுத்துத் தங்க முடியும் என்றதும்தான் முகம் மலர்ந்தது. "அப்போ உள்ளேயே போட்டுடுடா" என்று மகனுக்கு உத்தரவும் போட்டுவிட்டார்.

எங்கே தங்குவது என்கிற கேள்வி மற்ற ஊர்களில் வாடகை, வெந்நீர், பார்க்கிங்கோடு முடிந்துவிடும். ஜெய்சல்மேரில் அப்படி இல்லை. அதை விவரமாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் போகும் வழி. திருச்சியிலிருந்து ஸ்ரீகங்காநகருக்கு வாரம் ஒருமுறை கிளம்பும் ஹம்சஃபர் எக்ஸ்பிரஸ், பீகானேர் வழியாகப் போகிறது. பீகானேரில் இறங்கி, அங்குள்ள ஜுனாகர் கோட்டையையும் பார்த்துவிட்டு, சாலை வழியாகச் சுமார் 330 கிலோமீட்டர் போனால் ஜெய்சல்மேர். ரயிலில் நாள்கணக்கில் உட்கார முடியாதவர்கள் ஜோத்பூர் வரை விமானத்தில் போய், அங்கிருந்து ரயில் பிடிக்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான காலம். பகலில் வெயில் இதமாக இருக்கும். ராத்திரி குளிர் எலும்பைத் தொடும். திருச்சிக்காரர்கள் ஸ்வெட்டர் என்ற ஒன்றை வாங்குவதற்கு இது நல்ல சாக்கு.

கிளம்புவதற்கு முன் புளிக்காய்ச்சலுக்கும் பருப்புப் பொடிக்கும் சாமான் வாங்க காந்தி மார்க்கெட் போயிருந்தோம். எங்கே பயணம் என்று கேட்ட மளிகைக் கடைக்காரர், "அந்தப் பக்கத்துச் சீரகம்தானேம்மா நாம ரசத்துல போடறோம்" என்றார். உண்மைதான். நாட்டின் சீரகத்தில் பெரும்பகுதி குஜராத்திலும் மேற்கு ராஜஸ்தானிலும் விளைகிறது. ஜெய்சல்மேர், பாட்மேர் மாவட்டங்கள் அதில் முக்கியமானவை. அதே மார்க்கெட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் கொத்தவரங்காயும் அங்கே பாலைவனப் பயிர். நாம் பொரியல் செய்கிறோம். அவர்கள் பெரும்பாலும் விதைக்காகப் பயிரிட்டு, அதிலிருந்து பிசின் எடுக்க ஆலைக்கு அனுப்புகிறார்கள்.

காந்தி மார்க்கெட் பக்கம் நின்று நிமிர்ந்து பார்த்தால் மலைக்கோட்டை. அந்தப் பாறையின் உயரம் 83 மீட்டர். ஜெய்சல்மேர் கோட்டை நிற்கிற திரிகூட மலை சுமார் 76 மீட்டர். கிட்டத்தட்ட ஒரே உயரம்தான். ஆனால் நம்முடையது இறுகிய கருங்கல் பாறை. அவர்களுடையது மஞ்சள் மணற்கல். அதன் அடியில் களிமண் கலந்த அடுக்கு. கதையே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பாட்டி ராஜபுத்திர வம்சத்து ராவல் ஜெய்சல் 1156-ல் கட்டத் தொடங்கிய கோட்டை இது. வளைந்து ஏறும் பாதையில் அக்கை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று நான்கு வாசல்கள். 'போல்' என்றால் வாசல். மதிலைச் சுற்றி 99 கொத்தளங்கள். சாயங்கால வெயில் படும்போது கல் தேன் நிறமாகி, பிறகு தங்கமாகிறது. சத்யஜித் ரே 1974-ல் எடுத்த 'சோனார் கெல்லா' படத்துக்குப் பிறகு வங்காளிகள் இங்கே கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள், இன்றும் வருகிறார்கள். 2013-ல் ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இதுவும் அதில் ஒன்று.

உள்ளே சுமார் 3,000 பேர் வசிக்கிறார்கள். ஸ்கூட்டர், பசுமாடு, துவைத்துக் காயப்போட்ட துணி, வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கும் பெண்கள் எல்லாம் உண்டு. வீட்டுச் சுவரில் கல்யாண அழைப்பைப் பிள்ளையார் படத்தோடு பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். இடையிடையே தங்கும் விடுதிகள், மொட்டை மாடி ஓட்டல்கள்.

இந்த விடுதிகள்தான் சிக்கல். ஒரு காலத்தில் கோட்டைக்குள் தண்ணீர் என்றால், கீழே கடீசர் ஏரியிலிருந்து பெண்கள் தலையில் சுமந்து வருவதுதான். குடம் குடமாக வந்த தண்ணீரில் யார் வீணடிப்பார்கள்? மழை வருஷத்துக்கு ஓரிரு தடவை பெய்யும். அதை வெளியேற்ற 'குட் நாளி' என்ற பழைய வடிகால்கள் போதுமாக இருந்தன. பிறகு குழாய் வந்தது. குளியலறை வந்தது. சுற்றுலா வளர்ந்ததும், ஒரு வீட்டில் இருந்த ஒரு கழிப்பறை ஐந்தாறு ஆனது. அத்தனை தண்ணீரும் போக வழியில்லாமல் கல்லுக்குள் கசிந்து, அடியில் இருக்கும் களிமண் அடுக்கை இளக்கியது. மேலே நிற்கும் மதில் சரியத் தொடங்கியது. 1990-களின் பிற்பகுதியில் ஆபத்தில் இருக்கும் உலகச் சின்னங்களின் பட்டியலில் 'வேர்ல்டு மானுமென்ட்ஸ் ஃபண்டு' இந்தக் கோட்டையைச் சேர்த்தது. பிறகு வடிகால்களைச் சீரமைக்கும் வேலையும், கொத்தளங்களைப் பலப்படுத்தும் வேலையும் நடந்தன. ஆனாலும் 2024 ஆகஸ்ட் மழையில் வெளிச்சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான், கோட்டைக்கு வெளியே அடிவாரத்தில் ரூம் எடுக்கலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். மாமியாருக்கு மனக்குறை. "நாலு பேர் தங்கினா கோட்டை விழுந்துடுமா?"

மறுநாள் உள்ளே சுற்றும்போது, போர்வை விற்கும் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். வீட்டுப் பாட்டிக்கும் என் மாமியாருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கணவர் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் மொழிபெயர்க்க, இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். பாட்டி கல்யாணமாகி வந்த புதிதில் தினம் இரண்டு நடை ஏரிக்குப் போய் வருவாராம். இறங்கும்போது காலிக் குடம், ஏறும்போது தலையில் இரண்டு. "தண்ணியால கோட்டை கெட்டுப்போச்சுன்னு வர்றவங்க எல்லாம் சொல்றாங்க. என் முட்டி கெட்டுப்போனதை யாரும் எழுதலையே" என்றார். கொள்ளிடக்கரைக்குப் போய் நாள் முழுக்கத் துணி துவைத்த என் மாமியார் அதற்குப் பலமாகத் தலையாட்டினார்.

அந்தப் பேச்சு எனக்கு முக்கியமாகப் பட்டது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் ஆடம்பரம் இல்லை. மூன்று நாள் பார்த்துவிட்டுப் போகிற நமக்கு, வாளி வாளியாகக் குளிப்பதை மலைக்குக் கீழே வைத்துக்கொள்வதில் ஒரு நஷ்டமும் கிடையாது. கோட்டைக்காரர்களுக்கும் வருமானம் வேண்டுமே என்று கேட்கலாம். நியாயம்தான். பகல் முழுக்கக் கோட்டைக்குள் சுற்றுங்கள், அங்கேயே சாப்பிடுங்கள், அங்குள்ளவரையே வழிகாட்டியாக அமர்த்துங்கள், போர்வையோ வெள்ளிக் கொலுசோ அங்கேயே வாங்குங்கள். தூங்க மட்டும் கீழே வாருங்கள். இன்னொரு லாபமும் உண்டு: உள்ளே தங்கினால் கோட்டை தெரியாது! விளக்கு போட்ட மதிலை முழுசாகப் பார்க்க, அடிவாரத்து மொட்டை மாடிதான் சரியான இடம்.

வடிகால் விஷயத்தில் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்படலாம். 2017-ல் நம் கோயிலுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்த திருப்பணியில், பழைய மழைநீர் வடிகால்களை மீட்டதும் ஒரு முக்கிய வேலை.

கோட்டைக்குள் பார்க்க வேண்டியவை ராஜா அரண்மனையும், லட்சுமிநாத் கோயிலும், ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் சமணக் கோயில்களும். சமணக் கோயில்களுக்கு முற்பகலிலேயே போய்விடுங்கள்; தோல் பெல்ட், பர்ஸ் உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஊருக்குள் ஹவேலிகள். ஜரிகை வியாபாரத்தில் செழித்த பட்வா குடும்பத்தின் ஐந்து ஹவேலிகளில் கல்லைத் துணி மாதிரி பின்னியிருக்கிறார்கள். நத்மல் ஹவேலியை இரண்டு சகோதரர்கள் இடது பாதி, வலது பாதி என்று பிரித்துக்கொண்டு செதுக்கினார்களாம். நின்று கூர்ந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை என்பது தெரியும். இந்தப் பணமெல்லாம் ஒட்டகச் சாரை வணிகத்தில் வந்தது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் வணிகம் தேய்ந்தது. 1947 பிரிவினையில் சிந்துப் பக்கத்து வழி அடியோடு அடைபட்டது.

கடீசர் ஏரிக்கு விடியற்காலையில் போங்கள். வாசலில் இருக்கும் திலோன் கி போல், திலோன் என்ற தாசி கட்டியது. தாசி கட்டிய வாசலில் ராணிகள் நுழைவதா என்று எதிர்ப்பு வர, அவள் அதன் மேல் கிருஷ்ணர் சந்நிதி வைத்துவிட்டாள், யாராலும் இடிக்க முடியவில்லை என்பது கதை. என் மாமியாருக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்துப்போனது இவளைத்தான்.

சுமார் 18 கிலோமீட்டரில் குல்தரா. பாலிவால் பிராமணர்கள் கைவிட்டுப் போன கிராமம். திவான் சலீம் சிங்குக்குப் பயந்து 84 கிராமத்தார் ஒரே ராத்திரியில் கிளம்பினார்கள், ஊரில் பேய் இருக்கிறது என்று வழிகாட்டிகள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். தண்ணீர் வற்றிப் படிப்படியாகக் காலியான ஊர் என்று ஆய்வாளர்கள் சொல்வதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது. பேயைவிட சுவாரஸ்யம், அந்த மக்களின் 'கடீன்' விவசாயம். சரிவின் கீழே நீளமாக மண்கரை போட்டு மழைநீரைத் தேக்குவார்கள். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். கல்லணைக்குப் பக்கத்திலிருந்து போகிற நாம் இதை நின்று பார்க்க வேண்டும்.

மணல்மேடு பார்க்க எல்லோரையும் சாம் என்ற இடத்துக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். ஜீப், ஜெனரேட்டர், காதைப் பிளக்கும் டிஜே. அமைதி வேண்டுபவர்கள் குரி பக்கம் போகலாம். ஒட்டகம் எழுந்திருக்கும்போது முதலில் பின்னங்காலைத் தூக்கும். பிடியை இறுக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்து உட்காருங்கள். முட்டி வலி உள்ளவர்கள் ஒட்டக வண்டியில் போகலாம்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், சைவம் தாராளம். காய்கறி அரிதாகக் கிடைத்த ஊர் என்பதால் கடலை மாவு உருண்டையில் 'கட்டா' குழம்பு, அப்பளத்தில் ஒரு குழம்பு. கட்டாயம் சாப்பிட வேண்டியது கேர் சாங்ரி. சாங்ரி என்பது வேறொன்றுமில்லை, வன்னி மரத்துக் காய்தான்! விஜயதசமிக்கு அம்பு போடும் அதே வன்னி. அங்கே 'கேஜ்ரி' என்ற பெயரில் அதுதான் மாநில மரம். காய்ந்த சாங்ரியும் கேரும் கடைகளில் பாக்கெட்டாகக் கிடைக்கும். கேரை மோரில் ஊறப்போட்டால் கசப்பு போகும். சாங்ரியைத் தண்ணீரில் ஊறவைத்து வேகவிட வேண்டும். பிறகு எண்ணெயில் சீரகம், வரமிளகாய் தாளித்து, மாங்காய்ப் பொடி சேர்த்து வதக்குங்கள். கம்பு ரொட்டிக்குத்தான் அங்கே தொட்டுக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் தயிர் சாதத்துக்கு.