மனை பார்க்கப் போனவர் தண்ணீர் பார்த்த கதை

ஞாயிறு

தரகர் காட்டிய வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டர், பாலாற்றுப் பக்கத்து ஊர். ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, பின்னால் தோட்டம், கிணறு ஒன்று, போர் ஒன்று. அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு (ஊரில் எல்லோருக்கும் அவர் போஸ்ட்மாஸ்டர்தான்) பார்த்ததுமே பிடித்துவிட்டது. விலையும் சுற்றுவட்டாரத்தைவிடக் குறைவு. "பேப்பர் எல்லாம் பக்கா சார்" என்று தரகர் ஒரு கட்டை நீட்டினார். தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், வீட்டு வரி ரசீது என்று எதுவும் விடுபடவில்லை.

போஸ்ட்மாஸ்டரின் மனைவி ஒன்றுதான் கேட்டார். "தண்ணி எப்படிங்க?"

தரகர் சட்டைப் பையிலிருந்து பேனா அளவில் ஒரு மீட்டரை எடுத்து, போர் தண்ணீரில் முக்கிக் காட்டினார். "கொஞ்சம் உப்புதாம்மா. ஒரு ஆர்.ஓ. மாட்டிட்டா முடிஞ்சுது."

அந்த டிடிஎஸ் மீட்டரை ஒரு சோதனைச் சாலைபோல நம்புகிறவர்கள் நிறையப் பேர். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை வைத்து, மொத்த உப்பு இவ்வளவு என்று தோராயமாகச் சொல்லும் கருவி அது. கறியுப்புக்கும் காரீயத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது. வேறு நீரே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்கிறது. குரோமியத்துக்கோ 0.05 மில்லிகிராம்தான் எல்லை. அந்த அளவு ஏறினாலும் இறங்கினாலும் பேனா மீட்டர் அசையாது.

செவ்வாய்

வக்கீல் அலுவலகம். காகிதங்களைப் புரட்டிப் பார்த்த வக்கீல், கைமாறிய வரிசை சரி, அடமானம் இல்லை, வாரிசுச் சிக்கல் இல்லை என்றார். போஸ்ட்மாஸ்டர் தயங்கித் தயங்கி, மண்ணும் தண்ணீரும் கெட்டிருந்தால் எந்தக் காகிதத்தில் தெரியும் என்று கேட்டார்.

எதிலும் தெரியாது என்பதுதான் பதில். வில்லங்கச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான விற்பனை, அடமானம், தானம் போன்றவற்றைச் சொல்லும். அந்த நிலத்தில் யார் எதைக் கொட்டினார்கள் என்பதைப் பதிகிற புத்தகம் அங்கே கிடையாது.

ஆனால் வக்கீல் இன்னொன்றும் சொன்னார். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55-ஆம் பிரிவு. சொத்தில் பெரிய குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் மோசடி. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், இன்றும் நடப்பில் இருக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டு இடத்தில் பிடி நழுவுகிறது. விற்பவருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்க வேண்டும். வாங்குபவர் கண்ணைத் திறந்து பார்த்தாரா என்ற கேள்வியும் வரும். பக்கத்து வீட்டில் விசாரிக்காமல், தண்ணீரைச் சோதிக்காமல் வாங்கிவிட்டு நீதிமன்றத்தில் போய் நின்றால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது.

புதன்

வீட்டை மறுபடி பார்க்கத் தரகர் இல்லாமல் போனதுதான் நல்லதாயிற்று. பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு வயதான அம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "வீடு பாக்க வந்தியா தம்பி?" என்று அவரே ஆரம்பித்தார்.

"நான் கண்ணாலமாயி வந்தப்ப இந்தக் கெணத்துத் தண்ணிலதான் சமையல். இப்ப அதுல பருப்பு போட்டா வேவாது. சோப்பு போட்டா நொரை வராது. குடிக்கறதுக்குக் கேன் தண்ணிதான்."

பருப்பு வேகாத தண்ணீர் என்றால் கடினத்தன்மை ஏறிய தண்ணீர். இதைச் சொல்ல எந்த மீட்டரும் தேவையில்லை. அந்த அம்மாள் அடுத்துச் சொன்னதுதான் காகிதக் கட்டில் எங்குமே இல்லாத செய்தி. பின்பக்கத் தோட்டத்தைக் கொஞ்ச வருடம் ஒரு டேனரிக்காரர் வாடகைக்கு எடுத்திருந்தார். கொட்டகை போட்டு, தொட்டி கட்டி, உப்புத் தோலை ஊறவைத்துக் கழுவினார்கள். கழுவின தண்ணீர் அங்கேயே மண்ணில் இறங்கியது. வாய் வார்த்தை வாடகை, பதிவு கிடையாது. அரசு ஏடுகளில் அது இன்றுவரை 'தோட்டம்'.

போஸ்ட்மாஸ்டர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். புல் மண்டிய இடத்தில் ஒரு சதுரம் மட்டும் மொட்டையாக, வெள்ளை பூத்துக் கிடந்தது. ஓரத்துத் தென்னையின் ஓலை நுனிகள் கருகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமையும் அவை அப்படியேதான் இருந்திருக்கும். அன்று அவர் கண் திண்ணையில் இருந்தது.

வியாழன்

நாள் முழுக்கப் படிப்பு. இந்த வட்டாரத்தைப் பற்றிப் படிக்க நிறையவே இருக்கிறது.

சிப்காட்டில் 1970களில் தொடங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம், தோல் பதனிட வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்தது. 1990களின் நடுவில் மூடப்பட்டபோது வளாகத்திலேயே விட்டுப் போன கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். அதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் வகை. மழை பெய்தால் கரைந்து மஞ்சளாக ஓடும். நிலத்தடி நீரோடு சேர்ந்து நகரும். 2006-ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. 2015 ஜனவரியில் இதே சிப்காட்டில் தோல் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தந்த தீர்ப்பை நாடு முழுவதும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு அது. தோல் பட்டறைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற கணக்கும் அதில் இருக்கிறது. அந்த ஹெக்டேர்களில் எத்தனையோ இன்று மனைகளாகிக் கல் நட்டு நிற்கின்றன. தீர்ப்பைப் படித்தவர்கள் மனை வாங்குவதில்லை; மனை வாங்குகிறவர்கள் தீர்ப்பைப் படிப்பதில்லை.

தோல் வட்டாரத்துக்கு மட்டும் உள்ள தலைவலி என்றும் நினைக்க வேண்டாம். சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ல் வீட்டு போர்களில் எண்ணெய் கலந்து வந்தது. தெருவுக்கு அடியில் போன பெட்ரோலியக் குழாயின் கசிவு.

சனி

காலையிலேயே மாதிரி எடுத்தாயிற்று. மோட்டாரைப் போட்டு, குழாயில் நின்ற பழைய தண்ணீர் போகும்வரை ஓடவிட்டு, இரண்டு லிட்டர் கேனை அதே தண்ணீரால் அலசிக் கொட்டி, பிறகு கழுத்துவரை நிரப்பினார்கள். கிணற்றிலிருந்து தனியாக ஒரு கேன். மூடியில் டேப் ஒட்டி, இடம், தேதி, நேரம் எழுதினார் மனைவி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கமான சோதனையில் நிறம், உப்பு, கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், புளோரைடு மாதிரியானவைதான் வரும். குரோமியம், காரீயம், ஆர்செனிக் போன்ற உலோகங்களைத் தனியாகக் கேட்டு, அதற்குரிய அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் தனியாகக் கொடுக்க வேண்டும். அந்த மாதிரிக்கு அமிலம் சேர்த்த பாட்டிலை அவர்களே தருவார்கள். 'எல்லா டெஸ்ட்டும் பண்ணியாச்சு' என்று யாராவது அறிக்கையை நீட்டினால் உலோகங்களின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அந்த மொட்டைச் சதுரத்திலிருந்தும் ஒரு பை மண் போயிற்று.

அடுத்த வெள்ளி

அறிக்கை வந்தது. குரோமியம் எல்லைக்குள், பெருமூச்சு விடலாம். கரைந்த உப்பு 2,000-ஐத் தாண்டிவிட்டது, கடினத்தன்மையும் குளோரைடும் எல்லைக்கு மேல். மண்ணிலும் உப்புதான். டேனரிக்காரர் கழுவிவிட்ட உப்பு அங்கேதான் இருக்கிறது. உயிருக்கு உலை வைக்கிற விஷம் இல்லை. ஆனால் அந்தக் கிணற்றை நம்பிக் குடியிருக்க முடியாது, தோட்டம் போடவும் முடியாது.

ஞாயிறு

விற்பவர் நல்ல மனிதர். காபி கொடுத்தார். அறிக்கையைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க காசு கொடுத்துப் பண்ணது சார், உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்குக் காப்பி வேணாம்" என்றார். கையில் வாங்கினால் நாளைக்கு வேறொருவர் வரும்போது 'தெரியாது' என்று சொல்ல முடியாது அல்லவா! 55-ஆம் பிரிவை அவர் படித்திருக்கமாட்டார். சாரம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

தெரிந்தே எழுதிக் கொடுத்துத் தப்பிக்கப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சி நகரத்தின் லவ் கேனாலில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் ஏறத்தாழ 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்தது. 1953-ல் அந்த இடத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்கு விற்றபோது, உள்ளே கழிவு இருக்கிறது, பின்னால் வரும் கேட்டுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பத்திரத்திலேயே எழுதியது. மேலே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. வீடு வாங்கிய குடும்பங்களிடம் யாரும் அந்த வரியைக் காட்டவில்லை. 1978-ல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியிருந்தது.

இந்தியாவில் மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கான விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில்தான் அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சிகளும் தெரிவிக்க வேண்டும், மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆராய வேண்டும் என்கிறது விதி. நல்ல தொடக்கம். ஆனால் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் வாய் வார்த்தையில் வாடகைக்கு விட்ட தொட்டி எந்தப் பட்டியலிலும் ஏறப்போவதில்லை.

போஸ்ட்மாஸ்டர் அறிக்கையின் நகலைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தார். வீட்டை வாங்குவதாக இருந்தால் இரண்டு நிபந்தனை: விலை குறைய வேண்டும், அறிக்கை கிரய ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேர வேண்டும். விற்பவர் முதலாவதுக்கு ஒப்புக்கொண்டார். இரண்டாவதுக்கு யோசித்துச் சொல்கிறேன் என்றார். போஸ்ட்மாஸ்டர் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

இந்தப் பக்கம் மனை பார்க்கிறவர்கள் முன்பணம் எடுத்து வைக்கும் முன் பக்கத்துத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். விற்பவரிடம் தண்ணீர் அறிக்கை கேளுங்கள். இல்லை என்றால் நீங்களே ஒரு கேன் பிடித்துக் கொடுங்கள். தொழிற்சாலை அருகில் இருந்தால், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனுப் போடுங்கள். பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் கெடு. அந்த முப்பது நாளும் அட்வான்ஸ் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.