சின்ஸினாட்டியில் ஒரு கொல்லைப்புறம்

பிரயாணம் செய்கிறவர்கள் ஓர் ஊருக்குப் போனால், அங்குள்ள பாலத்தையும் சிலையையும் பொருட்காட்சிசாலையையும் பார்த்துவிட்டு, ஊர் முழுவதையுமே பார்த்துவிட்டதாகத் திருப்தி அடைவது வழக்கம். நாமும் அந்த வழக்கத்துக்கு விலக்கல்ல. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தைச் சேர்ந்த சின்ஸினாட்டி நகரத்துக்குச் சென்றபோது, 1867-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட தொங்குபாலத்தின் மீது நடந்து ஒஹையோ நதியைக் கடந்தோம். அக்கரையில் கென்டக்கி மாகாணத்தின் மண்ணை மிதித்துவிட்டுத் திரும்பினோம். நதிக்கரையில் நிற்கும் சின்ஸினாட்டஸின் சிலையையும் தரிசித்தோம். ரோமாபுரிக்கு ஆபத்து வந்தபோது ஏரை விட்டுவிட்டுப் போய்ச் சேனையை நடத்தி, ஜயித்தவுடன் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஏரைப் பிடித்த மகான் அவர். அவர் பெயரால் ஏற்பட்ட சங்கத்தின் பெயரே 1790-இல் இந்த நகரத்துக்கும் வைக்கப்பட்டது.

ஆனால், ஊரை நாம் உண்மையில் பார்த்தது அதற்கு மறுநாள்தான். அதுவும் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில்.

நகரத்தின் மேற்குப் பகுதியில் ஒரு ஸ்நேகிதர் வீட்டில் தங்கியிருந்தோம். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றே கண்ணயரலாம் என்று நினைத்தபோது, வேலிக்கு அப்பாலிருந்து "டப்", "டப்" என்று மரத்தின்மேல் ஏதோ விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னால் ஒரு சிரிப்பு. "என்ன அது?" என்று கேட்டோம். "கார்ன்ஹோல்!" என்றார் ஸ்நேகிதர். "இந்த ஊரில் அதைத் தெரியாமல் தூங்க முடியாது, வாருங்கள்" என்று அழைத்துச் சென்றார்.

வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் "சோளத் துவாரம்" என்று அர்த்தமாகும். நான்கு அடி நீளமும் இரண்டு அடி அகலமும் உள்ள பலகை ஒன்று. அதன் பின்புறத்தை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கிச் சாய்வாக நிறுத்தியிருக்கிறார்கள். பலகையின் மேற்பகுதியில் ஆறு அங்குல வட்டத்தில் ஒரு துவாரம். இதைப் போலவே இன்னொரு பலகை, 27 அடி தூரத்தில். ஆறு அங்குலச் சதுரத்தில் தைத்த கித்தான் பைகளில் மக்காச்சோளத்தை நிரப்பியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு ராத்தல் எடை. கட்சிக்கு நான்கு பைகள். பலகைமேல் தங்கினால் ஒரு பாயிண்டு. துவாரத்துக்குள் விழுந்தால் மூன்று. இரண்டு கட்சிகளின் பாயிண்டுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சத்தை மட்டும் ஜயித்தவர் கணக்கில் சேர்க்க வேண்டும். முதலில் 21 எடுத்தவருக்கு வெற்றி. நம் ஊர்ப் பிள்ளைகள் கோலியைக் குழியில் தள்ளுவதற்குத் தெரிந்தவர்களானால் இதற்கும் குரு தேவையில்லை.

வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தச்சர். பலகைகள் அவர் கையாலேயே செய்தவை. அவரும் நாமும் ஒரு கட்சி. பக்கத்து வீட்டுக் கிழவரும், தச்சருடைய ஒன்பது வயதுப் பேத்தியும் எதிர்க்கட்சி! இந்த ஆட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. நால்வர் ஆடும்போது நம்முடைய கூட்டாளி நம் பக்கத்தில் நிற்பதில்லை. அவர் எதிர்ப் பலகையருகில் நிற்கிறார். நம் பக்கத்தில் நிற்பவர் எதிர்க்கட்சிக்காரர். இங்கிருந்து எறிந்த பைகளை அங்கிருப்பவர்கள் எடுத்துத் திருப்பி எறிவதால் யாரும் நடக்கவேண்டியதுமில்லை. ஆகவே முழங்கால் வலிக்காரர்களும் குழந்தைகளும் சரிசமானமாக ஆடலாம். ஆடுகிற நேரமெல்லாம் எதிர்க்கட்சிக்காரருடன்தான் பேச வேண்டும்.

இதன் மகிமை நமக்குச் சற்று நேரம் கழித்தே விளங்கியது. அது தேர்தல் காலம். அமெரிக்க ஜனங்கள் தாங்கள் ஆதரிக்கும் அபேட்சகரின் பெயரை அட்டையில் போட்டு வீட்டு முன்புறத்தில் நட்டு வைப்பார்கள். தச்சரின் வாசலில் ஒரு பெயரும், பக்கத்து வீட்டு வாசலில் அதற்கு நேர் விரோதமான பெயரும் நின்றதை வரும்போதே கவனித்திருந்தோம். அந்த இரண்டு பேருந்தான் இப்போது ஒரே பலகையருகில் தோளோடு தோள் நின்று, ஒருவர் எறிந்த பையை மற்றவர் பரிகாசம் செய்துகொண்டிருந்தார்கள்! தச்சரிடம் மெதுவாக விசாரித்தோம். "முன்புறத்தில் நின்று பேசினால் எங்களுக்குள் சண்டைதான் வரும். அதனால் பின்புறத்தில் பேசிக்கொள்கிறோம்" என்றார்.

நம்முடைய பராக்கிரமத்தையும் சொல்லிவிடுகிறோம். முதல் பை புல்லில் விழுந்தது. இரண்டாவது பலகையைத் தாண்டிப் பூச்செடியைப் பதம் பார்த்தது. மூன்றாவது தரையில் பட்டுக் குதித்துப் பலகைமேல் ஏறியது, "அது செல்லாது!" என்று பேத்தி தள்ளிவிட்டாள். நான்காவது மட்டும் பலகைமேல் தங்கிற்று. அந்தப் பெண்ணோ துவாரத்தில் ஒன்றும் பலகையில் ஒன்றுமாக நான்கு எடுத்தாள். நம்முடைய ஒன்று கழிந்து, மிச்சம் மூன்றும் அவள் கணக்கில் ஏறின.

இந்த ஆட்டம் எங்கே பிறந்தது? 14-ஆம் நூற்றாண்டில் பவேரியாவில் ஒரு தச்சர் கண்டுபிடித்தார் என்பது ஒரு கதை. கென்டக்கியில் ஒரு குடியானவர் கண்டுபிடித்தார் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. காகிதத்தில் இருப்பது 1883-ஆம் வருஷத்தில் ஹைலிகர் டி வின்ட் என்பவர் பெற்ற பேடண்டு உரிமைதான். சாய்வுப் பலகையும் பைகளும் அதில் உண்டு. துவாரம் மட்டும் சதுரம். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் சின்ஸினாட்டியின் மேற்குப் பகுதிக் கொல்லைகளில் இது வேரூன்றி, பிறகு கால்பந்துப் பந்தயத்துக்கு முன் ஜனங்கள் கூடும் மோட்டார் நிறுத்துமிடங்களுக்குப் பரவிற்று. 2005-இலும் 2015-இலும் போட்டிகள் நடத்துவதற்கு ஸ்தாபனங்கள் ஏற்பட்டன. 2020-இல் கொள்ளை நோயினால் மற்ற விளையாட்டுக்கள் நின்றுபோனபோது, டெலிவிஷனில் இதைப் பார்த்தவர்களும் வீட்டுக் கொல்லையில் பலகை வைத்தவர்களும் அநேகர்.

பணமும் புகழும் வந்தால் வியவகாரமும் வரத்தானே செய்யும்? 2022-இல் தென் கரோலினாவிலுள்ள ராக் ஹில் நகரத்தில் நடந்த பெரிய போட்டியில், எதிரிகளின் பைகள் அளவில் குறைந்தவை என்று ஒரு கட்சியார் ஆக்ஷேபித்தார்கள். அளந்து பார்த்ததில் இரு கட்சியாரின் பைகளும் விதிக்குப் பொருந்தவில்லை! வேண்டுமென்று செய்ததல்லவென்று முடிவு கூறி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

தச்சருடைய பேரன் கடையில் வாங்கிய புதுப் பைகளை நமக்குக் காட்டினான். சோளத்துக்குப் பதில் பிளாஸ்டிக் மணிகள். ஒரு பக்கம் வழுவழுப்பு, மறு பக்கம் சொரசொரப்பு. அவன் போட்டிகளுக்குப் போகிறவன். "இவையே மேல். சோளம் பொடியாகிறது, எலி கடிக்கிறது, மழையில் நனைந்தால் ஊறிப்போகிறது" என்று தச்சரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் அன்று மாலை முழுவதும் ஆடியது சோளப் பைகளைக் கொண்டுதான். ஒரு பை தையல் விட்டபோது பக்கத்து வீட்டு அம்மாள் ஊசியும் நூலுமாக வேலியருகில் வந்து நின்றாள்.

ஒரு கொல்லைப்புறத்து விளையாட்டு உலகப் புகழ் அடைவதில் தவறென்ன இருக்கிறது? பேரன் போய் ஜயித்து வரட்டும். ஆனால் மாற்றுக் கருத்துக்காரனைப் பக்கத்தில் நிறுத்திச் சிரிக்க வைக்கும் இடம் எந்தத் தேசத்திலும் குறைவாகவே இருக்கிறது. அப்படிப்பட்ட இடம் ஒன்றைப் பார்த்தபின், நதிக்கரையில் நின்ற அந்த ரோமாபுரி மனிதரின் ஞாபகம் வந்தது. கார்ன்ஹோலும் அவரைப்போலவே வெளியே சென்று வெற்றி பெறட்டும். வெற்றி பெற்றபின் தன் கொல்லைப்புறத்துக்குத் திரும்பி வரட்டும்.