வெந்நீர் ஊற்றில் அரை மணி நேரம்

எங்கள் வீட்டில் வெந்நீர் என்றால் அது மற்றவர்களுக்குத்தான். அத்தையின் மூட்டு வலிக்கு ஒரு வாளி, இவருக்கு ஒரு வாளி, பிள்ளைகளுக்கு விளாவி வைக்க ஓர் அண்டா. எல்லாரும் குளித்த பின், அவசர அவசரமாக நாலு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவேன். கல்யாணமாகி ஒன்பது வருஷமாக இதே கதைதான்.

போன அக்டோபரில் குடும்பத்தோடு இமாசலப் பிரதேசத்திலுள்ள மணாலிக்குப் போனோம். டில்லியிலிருந்து ராத்திரி முழுக்க பஸ். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். குளிரைக் கேட்கவா வேண்டும்? அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில், பியாஸ் நதிக்கு அக்கரையில், மலைச்சரிவில் இருக்கிறது வசிஷ்ட் கிராமம். வசிஷ்ட முனிவர் கோயிலை ஒட்டியே வெந்நீர் ஊற்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தொட்டிகள்.

"அடுப்பே இல்லாம எப்படிம்மா சுடுது?" என்று கேட்டாள் பெரியவள். மழை நீரும் பனி உருகிய நீரும் பாறை வெடிப்புகள் வழியே வெகு ஆழம் இறங்கி, பூமிக்குள் இருக்கும் சூட்டில் காய்ந்து மேலே வருகிறது என்று இவர் விளக்கினார்.

முதலில் அத்தை இறங்கினார். பத்து நிமிஷத்தில் கரையேறி, முழங்காலைத் தடவிக்கொண்டே, "நீ போம்மா. பிள்ளைகளை நான் பார்த்துக்கறேன். மெதுவா வா" என்றார். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை!

கழுத்து வரை வெந்நீர். கந்தக வாசனை. தலைக்கு மேலே திறந்த வானம். யாரும் என்னை 'அம்மா' என்று கூப்பிடவில்லை, குக்கர் கத்தவில்லை. இந்த சுகத்தை விட்டு ஏற மனசே வரவில்லை. அரை மணி நேரம் ஓடிப் போனது.

சட்டென்று எழுந்தேன். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி கெட்டியாகப் பிடித்திருக்காவிட்டால், அந்தக் கல்படியில் மண்டை உடைந்திருக்கும்.

அத்தை ஓடி வந்து என்னைப் படுக்க வைத்தார். கொஞ்சம் தெளிந்ததும், "காலையில என்ன சாப்பிட்டே?" என்று கேட்டார். எல்லாருக்கும் பரோட்டாவைப் பங்கு போட்டுவிட்டு, நான் வெறும் டீயோடு வந்திருந்தேன்.

"சொல்ல மாட்டியா?" என்று அதட்டியவர், சற்றுப் பொறுத்து, "நானும் கேட்டதில்லையே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சகோதரிகளே, இப்படிப்பட்ட இடத்துக்குப் போனால் என்னைப் போல அசட்டுத்தனம் செய்யாதீர்கள். சூடான நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். அதனால்தான் சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறது. வெறும் வயிற்றோடு இறங்க வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். மெதுவாக எழுந்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள். கர்ப்பிணிகளும், இருதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. குழந்தைகளின் உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும் என்பதால் அவர்களை அதிக நேரம் விட வேண்டாம்.

மறுநாள் சின்னவனைத் தன்னோடு வைத்துக்கொண்டு, எங்களை ஜோகினி அருவிக்கு அனுப்பி வைத்தார் அத்தை. வசிஷ்டிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏற்றம். ஆப்பிள் தோட்டங்களையும் பைன் மரங்களையும் தாண்டி நடந்தோம். வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, இவர் முதலில் என்னிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அத்தை சொல்லி அனுப்பியிருப்பார் போலிருக்கிறது!

திரும்பி வந்தபோதுதான் கவனித்தேன். என் வெள்ளிக் கொலுசு கறுத்துப் போயிருந்தது. கந்தகம் பட்டால் வெள்ளி அப்படித்தான் ஆகும். கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும்.

"கொடு இப்படி" என்று வாங்கிக்கொண்டார் அத்தை. பையிலிருந்து விபூதியை எடுத்து, வாசல் வெயிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தந்தார்.

ஊருக்கு வந்த பிறகும் அத்தை மறக்கவில்லை. தினமும் காலையில் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, "உனக்கு வெந்நீர் வெச்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் குளிக்கப் போகிறார்.