ஆறாம் வேற்றுமையும் ஏழாம் வேற்றுமையும்

ஆங்கிலம் கற்கப் புகும் தமிழ் மாணவரைப் பெரிதும் வருத்துவன அம்மொழியின் சிறு சொற்களே எனலாம். நீண்ட சொல்லொன்றின் பொருளை அகராதியிற் கண்டு மனத்திற் பதித்துக்கொள்ளலாம். ‘அ’, ‘த’, ‘ஒஃப்’, ‘இன்’, ‘ஒன்’ என்பனவற்றுக்கு அகராதி பக்கம் பக்கமாக விளக்கம் தரும். படித்து முடித்தவர் முன்னிலும் கூடிய மயக்கத்தோடு எழுந்திருப்பார். முதலாண்டு மாணவர்க்கு ஆங்கிலம் கற்பித்துவரும் என்னிடம் ஆண்டுதோறும் எவரேனும் ஒருவர் கேட்பதுண்டு: “இந்தச் சின்னச் சொற்களை விட்டுவிட்டால் என்ன, சேர்? பொருள் விளங்குந்தானே?” இவ்வினா அற்பமானதன்று. இதற்கு நான் கூறும் விடைக்கு வேண்டிய எடுத்துக்காட்டுகள் பலவும் மாத்தளை மாவட்டத்திலிருந்து வருவன. இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவன் நான் என்பது அதற்கு ஒரு காரணம். ஒரே காரணம் அன்று.

முதலில் அமைப்பை நோக்குவோம். தமிழிலே பெயரை விசேடித்து வருவன யாவும் பெயருக்கு முன்னே நிற்கும். ‘மலையடியிலுள்ள பழைய கோயில்’ என்னுமிடத்துக் கோயில் கடைசியில் வந்து சேருகின்றது. ஆங்கிலமோ பெயரை நடுவில் இருத்துகின்றது. வரையறை செய்யும் சிறு சொல்லும் அடைமொழியும் அதற்கு முன்னே. முன்னிடைச்சொல்லோடு கூடிய தொடர் அதற்குப் பின்னே. முன்னே நிற்பதும் பின்னே நிற்பதும் தம்முள் உறவுடையன என்பதையே நம் மாணவர் காணத் தவறுகின்றனர். ‘அ ட்ரெயின் டு மாத்தளை’ என்றால் மாத்தளைக்குப் போகும் வண்டிகளுள் ஏதோ ஒன்று. ‘த ட்ரெயின் டு மாத்தளை’ என்றால் இன்ன வண்டி என்பது இருவர்க்கும் தெரிந்திருக்கின்றது. சில இடங்களில் பின்வரும் தொடரே முன்வரும் சொல்லைத் தீர்மானித்துவிடும். மாத்தளைக்கு இருப்புப்பாதை 1880 ஆம் ஆண்டில் வந்தது. இன்றுவரை அப்பாதை அந்நகரோடு நின்றுவிடுகின்றது. எனவே ‘மாத்தளைப் பாதையின் முடிவு’ என்பதை ஆங்கிலத்திற் கூறுங்கால் ‘த எண்ட் ஒஃப் த மாத்தளை லைன்’ என்றே கூறவேண்டும். பாதைக்கு அங்கே முடிவு ஒன்றே உண்டு. ‘ஒஃப்’ என்று தொடங்கும் தொடர் அதனைச் சுட்டிக்காட்டிவிடுவதால் ‘அன் எண்ட்’ என்பதற்கு இடமில்லை.

தமிழில் ‘த’ இல்லை என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். தனிச்சொல்லாக இல்லை என்பது உண்மை. ஆயினும் அது செய்யும் தொழில் நமக்கு அந்நியமன்று. மாத்தளைச் சந்தையில் ஒருவன் ‘மிளகு விற்றான்’ என்றால் அவன் செய்த வியாபாரத்தைக் கூறினோம். ‘மிளகை விற்றான்’ என்றால் எந்த மிளகு என்பது கேட்பவர்க்குத் தெரிந்திருக்கவேண்டும். இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நின்றாலும் விரிந்து நின்றாலும் பொருள் ஒன்றே என்று பள்ளியிற் படித்தோம். வழக்கு அவ்வாறு கொள்வதில்லை. அந்தச் சந்தையிலேயே சிங்களத்தையும் கேட்கலாம். சிங்களம் இதனை மறுதலையாகச் செய்கின்றது. ‘பொத’ என்று வாளா கூறினால் அறிந்த புத்தகம். ‘பொதக்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘கஹ’ என்றால் அந்த மரம். ‘கஹக்’ என்றால் ஒரு மரம். கடைத்தெருவிலே சிங்களம் பேசிப் பழகிய தோட்டத்துப் பிள்ளை ‘அ’, ‘த’ என்னும் வேறுபாட்டை ஆங்கில வகுப்புக்கு வருமுன்பே தன் நாவிற் கொண்டிருக்கின்றது. நம் பாடநூல்கள் இதனை ஏன் பயன்கொள்வதில்லை என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

முன்னிடைச்சொற்களின் கதை இன்னும் சுவையானது. கிராமத்தில் வாழ்பவரை ஆங்கிலேயர் ‘இன் த வில்லேஜ்’ என்பர். தோட்டத்தில் வாழ்பவரை ‘ஒன் தி எஸ்டேட்’ என்பர். தமிழில் இரண்டும் ‘இல்’ தான்: கிராமத்தில், தோட்டத்தில். ஆங்கிலத்தில் கிராமத்தான் ஊருக்குள் இருக்கின்றான். தோட்டத்தான் தோட்டத்தின் மேல் இருக்கின்றான், கப்பல்மேல் இருப்பவனைப் போல. பண்ணைகளைக் குறித்தும் ஆங்கிலேயர் தம் நாட்டில் இவ்வாறே கூறுவர். ஆதலால் இதில் இகழ்ச்சிக் கருத்து ஏதும் இருந்ததென்று நான் வாதிடமாட்டேன். எனினும் எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும் நான்கு தலைமுறை லயத்திற் கழித்தவர்க்கு அச்சொல் எவ்வளவு பொருந்திவிட்டது என்று எண்ணாதிருக்க முடிவதில்லை.

‘ஒஃப்’ என்பது பெரும்பாலும் நம் ஆறாம் வேற்றுமை, கிழமைப் பொருளது. ‘இன்’ என்பது ஏழாம் வேற்றுமை, இடப்பொருளது. ஆறாம் வேற்றுமைக் கிழமையை நம் இலக்கணகாரர் தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படுத்தினர். யானையது கொம்பு தற்கிழமை. சாத்தனது வீடு பிறிதின்கிழமை. முன்னையது உடையதை விட்டு நீங்காதது, பின்னையது நீங்கக்கூடியது. ஏழாம் வேற்றுமைக்கு இந்தச் சிக்கலே இல்லை: மரத்திற் பறவை இருக்கின்றது, பறந்தும் போகலாம். ஆங்கிலம் கற்ற எவரும் ‘ஒஃப்’ ஐயும் ‘இன்’ ஐயும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வழங்குவது சிறு பிழை என்றே கருதுவர். சட்டத்தின் ஆங்கிலத்தில் அது சிறிதன்று.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். என் தந்தையார் மாத்தளையிற் பிறந்தவர். பாட்டனாரோ புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிறுவனாக வந்தவர். எனவே என் தந்தையார் ‘இன் சிலோன்’ பிறந்தார். ‘ஒஃப் சிலோன்’ ஆகவில்லை. பிறந்த இடம் ஏழாம் வேற்றுமையோடு நின்றுவிட்டது.

1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். அது எங்களுக்கு இட்ட பெயர் ‘பேர்சன்ஸ் ஒஃப் இந்தியன் ஒறிஜின் இன் சிலோன்’. ஒரு பெயர், அதன்பின் இரண்டு தொடர்கள். இந்தியாவுக்கு ஆறாம் வேற்றுமை. இலங்கைக்கு ஏழாம் வேற்றுமை. இந்தியா எங்கள் கொம்பு, இலங்கை நாங்கள் இருக்கும் கிளை என்றவாறு. எழுதியவர்கள் இலக்கணத்தை எண்ணி எழுதினர் என்று நான் சொல்லவில்லை. அரச அலுவலகங்களின் வழக்கமான ஆங்கிலந்தான் அது. எண்ணாமலே எழுதிய இடத்திற்கூட அம்மொழி ஒன்றை ‘ஒஃப்’ என்றும் மற்றதை ‘இன்’ என்றும் பிரித்துச் சொல்லும்படி எழுதுவோரைக் கட்டாயப்படுத்துகின்றது. தமிழில் ‘இந்தியத் தமிழர்’ என்று தொகையாக்கி உருபை மறைத்துவிட்டுப் போகலாம். பொதுவாக அந்த வசதி ஆங்கிலத்தில் குறைவு.

அவ்வொப்பந்தத்திற் பெயருக்கு முன்னே நின்ற சொற்கள் மேலும் நோக்கத்தக்கன. தொடக்கத்திலே குறிக்கோளைக் கூறுமிடத்து ‘ஓல்’ என்று வருகின்றது: எவர்க்கும் ஏதேனும் ஒரு நாட்டின் உரிமை கிடைக்கவேண்டும் என்பது கருத்து. அடுத்துத் தொகை வருகின்றது. ஏறத்தாழ 975,000 பேர். இவர்களுள் 300,000 பேர்க்கு இலங்கை உரிமை தரும். 525,000 பேரை இந்தியா ஏற்கும். எஞ்சிய 150,000 பேரைப்பற்றிப் பின்னர் பேசப்படும். (1974 இல் அவர்களையும் 75,000, 75,000 எனச் சரிபாதியாக்கினர்.) ‘300,000 ஒஃப் தீஸ் பேர்சன்ஸ்’ என்னும் தொடரிலே ‘தீஸ்’ என்பது சுட்டு, கூட்டத்தை அது சுட்டிவிடுகின்றது. எண்ணுக்கு முன்னே மட்டும் எந்தச் சுட்டும் இல்லை. எந்த மூன்று இலட்சம் பேர்? எவரையும் குறியாத மூன்று இலட்சம் பேர். கூட்டம் தெரியும், கூட்டத்துள் யார் என்பது தெரியாது.

அச்செய்தி தோட்டத்துக்கு வந்தபோது நான் கைக்குழந்தை. பிரட்டுக்களத்திலே கணக்கப்பிள்ளை ஆங்கிலப் பத்திரிகையைப் பார்த்துத் தமிழிற் சொல்லிக்கொண்டிருந்தாராம். என் தந்தையார் கேட்டது ஒரே கேள்வி என்று அவரே பிற்காலத்தில் எனக்குச் சொன்னார்: “அந்த மூணு லச்சத்துல நாங்க இருக்கோமுங்களா, ஐயா?” கணக்கப்பிள்ளை மீண்டும் ஒருமுறை பத்திரிகையைப் பார்த்தாராம். ஆங்கிலம் ஒரெழுத்தும் அறியாத தந்தையார் ‘அந்த’ என்று கேட்டார். ஒப்பந்தத்தில் ‘அந்த’ இல்லை. வகுப்பில் ‘த’ என்பதன் பயனை விளக்க இதனைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை; அதற்காக மகிழ்ச்சியடைவதா என்பதுதான் தெரியவில்லை.

பின்னர் விண்ணப்பங்கள் எழுதப்பட்டன. தந்தையார் இலங்கைக்கு எழுதினார். பெரியப்பா இந்தியாவுக்கு எழுதினார். ஒரே லயத்தின் அடுத்தடுத்த காம்பராக்கள். 1973 இற் பெரியப்பா குடும்பம் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறி, முடிவில் நீலகிரியிற் கூடலூருக்கு அருகே தேயிலைத் தோட்டத்திற் குடியமர்ந்தது. இங்கே இந்தியாக்காரர் எனப்பட்டவர்களை அங்கே சிலோன்காரர் என்றழைத்தார்கள் என்று பெரியம்மா எழுதிய கடிதமொன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றது. ‘காரர்’ என்னும் நம் விகுதியும் ‘ஒஃப்’ ஐப் போல ஒட்டிக்கொள்வதிற் குறைந்ததன்று.

1988 இல் வந்த சட்டம் ‘நாடற்றவர்’ என்ற பெயரால் உரிமை வழங்கியது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்தவரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் இலங்கைப் பிரசைகளாக்கியது. அச்சட்டத்தின் பெயரிலும் ‘இந்தியன் ஒறிஜின்’ இருக்கின்றது. ஆனால் உள்ளே ‘சிற்றிசன் ஒஃப் ஸ்ரீ லங்கா’ என்று இலங்கையும் ஒருவழியாக ஆறாம் வேற்றுமை பெற்றுவிட்டது. 55 ஆண்டுகள் ஒரு முன்னிடைச்சொல்லுக்காக என்று சொன்னால் வரலாற்று மாணவர் என்னைக் கோபிக்கலாம். வாக்குரிமை, தொழிற்சந்தைக் கணக்கு, இரு நாட்டு அரசியல் எனப் பெருங்காரணங்கள் வேறு இருந்தன. அவை யாவும் கடைசியில் தாளில் எழுதப்பட்டபோது எடுத்த வடிவத்தையே நான் பேசுகின்றேன்.

2023 ஆம் ஆண்டு மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாக ஜூலை 28 இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி, முன்னோர் காட்டுவழியே நடந்துவந்த திசையிலேயே வந்து, ஓகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்தது. அதன்பின் வந்த வாரம் என் வகுப்பிலே ‘மலையகத் தமிழர்’ என்பதை ஆங்கிலத்திற் பெயர்க்கச் சொன்னேன். சிலர் ‘இன் த ஹில் கன்ட்ரி’ என்று எழுதினர். கொழும்பிலும் வன்னியிலும் வாழ்வோரை என்செய்வது என்று மற்றவர் மடக்கினர். சிலர் ‘ஃப்ரொம்’ என்றனர். அது புறப்பட்டுப் போனவர்க்கே ஆகும் என்றாள் ஒரு மாணவி. பலர் ‘ஒஃப்’ என்றனர். ஒருவர் மட்டும் முன்னிடைச்சொல் ஒன்றும் வேண்டாம் என்று ‘மலையக டமில்ஸ்’ என நம் தொகையை அப்படியே எடுத்து வைத்தார். இப்போது ஆங்கிலத்தில் எழுதுவோர் பலரும் அவ்வாறே எழுதுகின்றனர். அதற்கு முன்னே ‘த’ வேண்டுமா என்பதுதான் எஞ்சியது. போட்டால் எல்லை வகுத்த ஒரு சமூகம் முழுமையும் கண்முன் நிற்கும்; போடாவிட்டால் அப்பெயர்க்குரியோர் எவராயினும் அடங்குவர். மணி அடிக்கும்வரை வாதிட்டும் வகுப்பு ஒருமைப்படவில்லை.