பிரேக்கரைப் பிரிக்கும் முன்

சாலையை அகலப்படுத்தும் இடத்திலோ, பழைய கட்டடத்தை இடிக்கும் இடத்திலோ, காட்டில் கிணறு வெட்டும் இடத்திலோ ‘டக டக டக டக’ என்று ஒரு சத்தத்தை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிரும். சத்தம் வரும் திசையில் பார்த்தால் ஒரு ஹிட்டாச்சி வண்டி நிற்கும். (எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் நம்மூரில் அதற்குப் பெயர் ஹிட்டாச்சிதான். நகல் எடுப்பதற்கு ஜெராக்ஸ் மாதிரி!) மண் அள்ளும் பக்கெட் இருக்க வேண்டிய இடத்தில், பெரிய மரங்கொத்தியின் அலகு போல ஓர் உளி தொங்கும். அதுதான் ஹைட்ராலிக் பிரேக்கர்.

அது பாறையை உடைக்கும்போது எல்லோரும் தள்ளித்தான் நிற்கிறார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, சத்தமே விரட்டிவிடும். ஆனால் அதே பிரேக்கர் பழுதாகி, பட்டறையில் கட்டை மேல் சும்மா கிடக்கும்போது அதன் மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள் உண்டு. விஷயம் என்னவென்றால், இரண்டில் அதிகம் பயப்பட வேண்டியது அந்தச் சும்மா கிடக்கும் பிரேக்கருக்குத்தான்.

ஏன் என்று புரிய, அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து க்ருப் நிறுவனம் 1967-ல் இப்படி வண்டியில் மாட்டும் ஹைட்ராலிக் பிரேக்கரை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் எத்தனையோ மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு கனத்த சிலிண்டர், உள்ளே கண்ணாடி போல வழுவழுப்பான பிஸ்டன். வண்டியின் பம்ப்பிலிருந்து ஆயில் அதிக அழுத்தத்தோடு வந்து பிஸ்டனை மேலே தள்ளும். மேலே ஓர் அறையில் நைட்ரஜன் வாயு அடைத்து வைக்கப்பட்டிருக்கும். பிஸ்டன் மேலே போகப் போக அந்த வாயு இன்னும் நசுங்கும். வால்வு திசை மாறியதும், நசுங்கிய வாயு ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைக் கீழே அடிக்கும். பிஸ்டன் உளியின் தலையில் இடிக்கும், உளி பாறையில் இறங்கும். ஒரு நிமிடத்தில் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. சில மாடல்களில் பக்கவாட்டில் அக்யூமுலேட்டர் என்று குண்டாக ஒன்று இருக்கும். அதன் உள்ளேயும் ரப்பர் டயாஃப்ரத்துக்குப் பின்னால் நைட்ரஜன் இருக்கிறது. அங்கே அழுத்தம் இன்னும் அதிகம்.

எஞ்சினை அணைத்தால் பம்ப் நிற்கும். ஆயில் வருவதும் நிற்கும். ஆனால் அந்த நைட்ரஜன்? அது எங்கும் போகாது. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஆபரேட்டர் ஊருக்கே போய்விட்டாலும் அது உள்ளேயே இருக்கும்.

எவ்வளவு அழுத்தம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாயு அழுத்தத்தை ‘பார்’ என்ற அலகில் அளப்பார்கள். (பெயர்தான் பார். கண்ணால் பார்க்க முடியாது!) கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். பிரேக்கரின் தலைப்பகுதியில் 15 பார் என்று வைத்துக்கொள்வோம், மாடலுக்கு மாடல் இது மாறும். அந்த அறையின் விட்டம் 15 சென்டிமீட்டர் என்றால் மூடியை வெளியே தள்ளும் விசை சுமார் 2,700 கிலோ எடைக்குச் சமம். அந்த விசையைப் பிடித்து வைத்திருப்பது நான்கு நீளமான போல்ட்டுகள். தலை, சிலிண்டர், முன்பகுதி மூன்றையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருப்பவை அவைதான். வாயுவை இறக்காமல் அவற்றில் கை வைத்தால் என்ன ஆகும் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் ரிக் வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் பட்டறைகள் அதிகம். அப்படி நெடுஞ்சாலையோரம் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறையை மனதில் கொண்டுவருவோம். கல்குவாரியிலிருந்து பிரேக்கர் மாட்டிய வண்டி வந்து நிற்கிறது. உளிப் பக்கம் ஆயில் ஒழுகுகிறது, அடியும் மெதுவாக விழுகிறது. சீல் போய்விட்டது என்று அங்கே இருக்கும் டீக்கடைக்காரர்கூடச் சொல்லிவிடுவார். மெக்கானிக்குக் கூடமாட வேலை செய்ய ஒரு பையன், ஐ.டி.ஐ. முடித்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. வண்டி ஓனர் போனில். மணி வாடகைக்கு ஓடும் வண்டி, நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். “ஏனுங்க, சாயங்காலத்துக்குள்ள ஆயிருமுங்களா?” என்பதுதான் முதல் கேள்வி.

பையன் உடனே ஸ்பேனரை எடுப்பான். நல்ல மெக்கானிக் என்றால் அதை வாங்கிக் கீழே வைத்துவிடுவார். “இரு தம்பி, மொதல்ல ஆறட்டும்.”

ஓடி வந்த வண்டியின் ஆயில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். ஆயில் சூடாக இருந்தால் வாயுவும் சூடு. மூடிய இடத்தில் வாயு சூடேறினால் அழுத்தமும் ஏறும், பள்ளியில் படித்ததுதான். 20 டிகிரியில் இருந்த நைட்ரஜன் 60 டிகிரிக்குப் போனால் அழுத்தம் ஏறக்குறைய 14 சதவீதம் கூடிவிடும். ஆகவே காத்திருப்பது சோம்பேறித்தனம் இல்லை, வேலையின் முதல் பகுதி. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பிரேக்கரைக் கனமான மரக்கட்டைகள் மேல் படுக்கவைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் ஆப்பு வைக்க வேண்டும். 20 டன் வண்டியில் மாட்டும் பிரேக்கர், கூடு எல்லாம் சேர்த்து ஒன்றரை டன்னுக்குக் குறையாது. அது கால் அங்குலம் உருண்டாலும் நடுவில் இருக்கும் விரல் தாங்காது.

அடுத்தது ஆயில் குழாய். எஞ்சின் அணைந்த பிறகும் குழாய்க்குள் அழுத்தம் மிச்சம் இருக்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, பிரேக்கர் பெடலைப் பலமுறை மிதித்து அதை விடுவிப்பார்கள். ஆயில் டேங்க்கின் மூடியையும் மெதுவாகத் திறந்து உள்ளே இருக்கும் காற்றை விட வேண்டும். பூமில் பிரேக்கர் லைனுக்கு அடைப்பு வால்வு இருந்தால் அதை மூட வேண்டும். அப்புறம்தான் ஓஸ் கழற்றுவது. கழற்றிய வாயை உடனே மூடியால் அடைக்க வேண்டும். ஒரு சிட்டிகை கல் தூள் உள்ளே போனால் பம்ப் வரைக்கும் கீறிவிடும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கே ஒழுகுகிறது என்று குழாயைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். 150 பார் அழுத்தத்தில் ஊசி முனை அளவு ஓட்டை வழியே வரும் ஆயில், தோலைத் துளைத்து விரலுக்குள் போய்விடும். வெளியே முள் குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சில மணி நேரத்தில் கை வீங்கும். உள்ளே போன ஆயில் தசையைக் கெடுத்துக்கொண்டே போகும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ‘முள் குத்தியது’ என்று சொல்லாமல் ‘அதிக அழுத்தத்தில் ஆயில் உள்ளே போயிருக்கிறது’ என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஒழுகலைக் கண்டுபிடிக்க ஓர் அட்டைத் துண்டு போதும். அதைக் காட்டினால் ஆயில் எங்கே அடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

பூமிலிருந்து பிரேக்கரைக் கழற்ற இரண்டு பெரிய பின்களைத் தட்டி எடுக்க வேண்டும். இரும்புப் பின்னை இரும்புச் சம்மட்டியால் நேராக அடித்தால் சில்லு தெறிக்கும், அது போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் கண்தான். நடுவில் பித்தளைக் கம்பி வைத்து அடிப்பதும், கண்ணாடி போட்டுக்கொள்வதும் பெரிய செலவில்லை. திரும்ப மாட்டும்போது ஓட்டை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கமும் உண்டு. ஆபரேட்டர் லீவரை ஒரு நூல் அசைத்தாலும்... வேண்டாம், விடுங்கள்.

இப்போது வாயு. தலைப்பகுதியில் ஒரு சின்ன வால்வு, அதற்கு மேல் ஒரு மூடி. அதற்கென்று உள்ள அடாப்டரை மாட்டி, ஒதுங்கி நின்று, மெதுவாகத் திறக்க வேண்டும். வால்வுக்கு நேர் எதிரே முகத்தை வைக்கக்கூடாது, உளிக்கு நேர் எதிரேயும் யாரும் நிற்கக்கூடாது. ‘உஸ்ஸ்’ என்று சத்தம் வரும், நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். கதவு ஜன்னலைச் சாத்திய அறையில் இதைச் செய்யக்கூடாது. நைட்ரஜன் விஷமில்லை, நாம் விடும் மூச்சில் பெரும்பங்கு அதுதான். ஆனால் மூடிய அறையில் அது நிறைந்தால் ஆக்ஸிஜனுக்கு இடம் குறைந்துவிடும். அதற்கு வாசனையும் கிடையாது. வாயுவோடு ஆயில் தூறலும் வந்தால் உள்ளே கேஸ் சீல் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். பிரிப்பதற்கு முன்பே நோய் தெரிந்துவிட்டது!

சத்தம் வந்தால் சரி. வராவிட்டால்?

இங்கேதான் அனுபவசாலிகளே சறுக்குவார்கள். “சத்தம் வரலீங்ண்ணா, கேஸ் ஏற்கெனவே போயிருச்சாட்டங்குது” என்று பையன் சொல்வான். நியாயமான ஊகம்தான். அடி மெதுவாக விழுந்ததற்குக் காரணம் வாயு கசிந்து போனதாகவும் இருக்கலாம். ஆனால் வால்வுக்குள் மண்ணும் கிரீஸும் சேர்ந்து அடைத்திருந்தாலும் சத்தம் வராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஒன்றில் உள்ளே வெறும் காற்று, இன்னொன்றில் இரண்டரை டன்னுக்கு மேல். ஓனரின் மூன்றாவது போன் வருவதும் சரியாக இந்த நேரத்தில்தான். சத்தம் வராத பிரேக்கரை நிரம்பிய பிரேக்கர் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அடைப்பு எங்கே என்று பார்த்து, அந்த மாடலின் புத்தகத்தில் சொன்ன வழியில் வாயுவை விடுவித்து, கேஜ் பூஜ்யம் காட்டுகிறதா என்று சரிபார்த்த பிறகே போல்ட்டுக்குப் போகலாம். முடியாவிட்டால் கம்பெனி சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. தலைப்பகுதியை இறக்கியதால் அக்யூமுலேட்டரும் காலியாகிவிட்டது என்றும் நினைக்கக்கூடாது. அதற்குத் தனி வால்வு, அதைத் தனியாகத்தான் இறக்க வேண்டும். வாயு இருக்கும்போது கேஸ் கட்டிங் டார்ச்சைப் பக்கத்தில் கொண்டுபோவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான்கு போல்ட்டுகளையும் ஒரே மூச்சில் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடக் கூடாது. எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் முழுதாக விட்டால் அதன் பாரம் மற்ற மூன்றின் மேல் கோணலாக விழும்.

அப்புறம் வருவது வெறும் எடை. 140 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மீட்டர் நீளமும் உள்ள உளி ஒன்று, இரும்பின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டால், 145 கிலோ வருகிறது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் போலத்தான் தோன்றும்... கிரீஸில் ஊறிய உருண்டை இரும்பு, பிடிமானம் இல்லை. செயின் பிளாக் இருக்க முதுகை ஏன் உடைத்துக்கொள்ள வேண்டும்? பல மாடல்களில் பிஸ்டனின் தலையில் மரை போட்ட துளை ஒன்று இருக்கும். அதில் வளையப் போல்ட் மாட்டி நேராக மேலே தூக்க வேண்டும். கோணலாக இழுத்தால் சிலிண்டர் கீறும். கீறல் என்றால் புது சீல் போட்டும் ஒழுகும், முழு வேலையும் வீண்.

புது சீல்களை ஆயிலில் நனைத்து, முந்திரிக்கொட்டை வடிவில் மடக்கி உள்ளே விடுவதைப் பார்க்கவே அழகாக இருக்கும். காட்டன் வேஸ்ட் கொண்டு துடைத்தால் நூல் ஒட்டும், ஆகவே நூல் பிரியாத துணி.

திரும்பப் பூட்டி, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் எதிரெதிர் மூலையாக இறுக்கிய பிறகு வாயு நிரப்ப வேண்டும். பட்டறையில் வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கத்திலேயே நிற்கும். ‘ஏதோ ஒரு கேஸ்தானே’ என்ற எண்ணம் வந்தால் பட்டறையே மிஞ்சாது. அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். நம் நாட்டில் தொழிற்சாலை ஆக்ஸிஜன் சிலிண்டர் முழுக்கக் கறுப்பு. நைட்ரஜன் சிலிண்டர் சாம்பல் நிறம், கழுத்து மட்டும் கறுப்பு. தூசி படிந்த கொட்டகையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், அதனால் துடைத்து லேபிளைப் படிக்க வேண்டும். நிரம்பிய நைட்ரஜன் சிலிண்டருக்குள் 150 பார் அளவுக்கு இருக்கும் என்பதால் ரெகுலேட்டர் இல்லாமல் இணைக்கவும் கூடாது.

இவ்வளவும் முடிய எப்படியும் இருட்டிவிடும். ஓனருக்குக் கோபம்தான். மெக்கானிக் வண்டியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பிரேக்கரைச் செங்குத்தாக நிறுத்தி உளியைத் தரையில் அழுத்தச் சொல்வார். உளி முழுதாக உள்ளே போன பிறகுதான் கிரீஸ் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உளிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் கிரீஸ் தேங்கி, முதல் அடியிலேயே புது சீல் போய்விடும். பையன் கிரீஸ் கன்னோடு குனிகிறான். நாளைக்குச் சில மணி நேரம் ஓடிய பிறகு அந்த நான்கு போல்ட்டையும் இன்னொரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆபரேட்டரிடம் சொல்லியாகிவிட்டது.