வலது ஓரம்

திருவையாற்றின் பழைய புகைப்படங்களைத் திரட்டிக் கண்காட்சி வைத்தபோது ஒரு படத்தின் வலது ஓரத்தை வெட்டினேன். கேட்டவர்களிடம், அந்தப் பக்கம் ஈரத்தில் கெட்டுவிட்டது என்றேன். அது பொய்.

1940களில் எடுத்த படம். புஷ்ய மண்டபப் படித்துறையில் தியாகராஜ ஆராதனைக்கு வந்த வித்வான்கள் அங்கவஸ்திரத்தோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் காவிரி. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு, ஜூனில் திறக்கும் தண்ணீர் தை வரைக்கும் ஓடும். படத்திலும் கீழ்ப்படிகள் முழுகித்தான் இருந்தன. அட்டையில் ஒட்டிய புரோமைடு பிரதி அது. ஆற்றங்கரை வீட்டு ஈரத்தில் ஓரமெல்லாம் வெள்ளி பூத்து, சாய்த்துப் பார்த்தால் மினுங்கியது. ஆனால் அந்த மினுக்கம் எந்த முகத்தையும் மறைத்துவிடவில்லை. வலது ஓரத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி இடுப்பில் கழுவிய அண்டா. இன்னொருத்தி முந்தானையில் கையைத் துடைத்தபடி நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். வித்வான்களில் பாதிப் பேர் அசைந்து கலங்கியிருக்க, அவள் முகம்தான் துல்லியமாக விழுந்திருந்தது.

அதுதான் எனக்கு இடைஞ்சல். பார்க்கிறவர் கண் முதலில் அவளிடம் போய்விடும் என்று தோன்றியது. சங்கீத ஊருக்கு ஒரு சங்கீதப் படம் வேண்டுமென்று நினைத்தேன். அண்டா அதில் சேரவில்லை. வெட்டினேன்.

கண்காட்சிக் கூடத்தின் வாசலில் பெங்களூர் நாகரத்தினம்மாள் படத்தைப் பெரிதாக வைத்திருந்தேன். 1847இல் மறைந்த தியாகராஜரின் சமாதி இருக்கும் இடத்தில் தன் சொத்தைச் செலவழித்துக் கோயில் எழுப்பியவர். அங்கே பாடப் பெண்களை விடவில்லை என்பதால் 1927இல் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தியவர். ஆண்கள் அவரை ஒதுக்கியதைப் பற்றி நான் எழுதிய குறிப்பு கடுமையாகவே இருந்தது. எழுதும்போது நெஞ்சு கொதித்தது உண்மை. படித்துறைப் பெண்களை வெட்டியது அதற்கு மறுநாள். அப்போது கை நடுங்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை, அதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வெட்டியதை ஸ்கேன் செய்த கோப்பின் மேலேயே சேமித்தேன். மூலப்படத்தை அந்த ஆற்றங்கரை வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு அந்த வீடு கைமாறியது. அட்டைப்படங்கள் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போயின. அந்தப் பெண்கள் இனி எங்கும் இல்லை.

கண்காட்சியின் கடைசி நாளில் வயதான அம்மா ஒருவர் ஒவ்வொரு படமாக நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“எங்கம்மா ஆராதனைச் சமையல்ல பாத்திரம் தேய்ச்சாங்க தம்பி. எந்தப் படத்துலயாவது இருக்காங்களா?”

“இல்லைங்கம்மா” என்றேன்.

அந்த இருவரில் ஒருத்தி அவருடைய அம்மாதானா, எனக்குத் தெரியாது. ஒரு ஓரம் இருந்தது, நான்தான் வெட்டினேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். முகம் எப்படி இருந்தது என்றாவது விவரித்திருக்கலாம். எனக்கு அது நன்றாக நினைவிருந்தது.

இப்போது அந்தப் படத்தின் கீழே, வலப்பக்கம் இரண்டு பெண்கள் நின்றார்கள், நான் வெட்டிவிட்டேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த அம்மாவிடம் இன்னும் போகவில்லை. எந்தத் தெரு என்று அன்றைக்கே சொல்லியிருந்தார். சின்ன ஊர், விசாரித்தால் ஒரு காலைப்பொழுதில் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.