கிளியும் என் கையும்

கிளி வளர்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், கிளியைக் கூண்டில் அடைத்து வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஜீவகாருண்யம் பேச வந்துவிட்டான் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடும்.

1969-ஆம் வருஷம். அப்போது நாங்கள் திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டோரில் ஒண்டுக் குடித்தனம். பக்கத்துப் பகுதியில் இருந்தவர்கள் ஒரு நாள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு காலி செய்துவிட்டுப் போனார்கள். மாடிப்படிக்கு அடியில் அவர்கள் விட்டுச் சென்றவை: ஓர் ஓட்டை வாளி, கால் உடைந்த முக்காலி, ஒரு கம்பிக் கூண்டு. கூண்டுக்குள் ஒரு கிளி.

"உயிரோடுதான் இருக்கிறதா?" என்றாள் என் மனைவி.

இருந்தது. கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஒரு வளையம். ஆகவே ஆண் கிளி, வயதும் இரண்டு மூன்றுக்குக் குறையாது. இரண்டு இறக்கையிலும் பறப்பதற்கு உதவும் இறகுகளைக் கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தார்கள். மூர் மார்க்கெட்டில் வாங்கியதாக இருக்கும். அந்த நாளில் அங்கே கத்தரிக்காய் விற்பதுபோல் கிளி விற்பார்கள். (அந்த மார்க்கெட் 1985-இல் எரிந்து போயிற்று.) வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-இல்தான் வந்தது. இன்றைக்கு நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருந்தாலே குற்றம். இறகு வெட்டிய கிளி ஒன்று உங்கள் வாசலில் வந்து விழுந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. கதவைத் திறந்து விட்டால் காக்கைக்கோ பூனைக்கோ ஆகாரமாகிவிடும். எனவே கூண்டு எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

வந்த பிறகுதான் அதன் பயத்தின் அளவு தெரிந்தது. யாரோ குச்சியால் குத்தி வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். குடை, துடைப்பம், என் பேனா, நீளமாக எதைக் கண்டாலும் வீல் வீலென்று கத்திக்கொண்டு கம்பியில் மோதிக்கொள்ளும். நான் கொய்யாத் துண்டை எடுத்துக்கொண்டு, கூண்டுக்கு நேரே முகத்தை வைத்து, "வாடா ராஜா, வா" என்று கொஞ்சினேன். அது இறகுகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நாணல் தண்டு மாதிரி ஒடுங்கிப் போயிற்று. கண்மணி மட்டும் சுருங்குவதும் விரிவதுமாக இருந்தது. நன்றி கெட்ட பிராணி என்று எனக்குக் கோபம் வந்தது.

"நேரே பார்க்காதேப்பா" என்றான் என் பையன். அவனுக்கு அப்போது ஏழு வயது. "பேசாமல் தள்ளி உட்கார்ந்துகொண்டு வேறே எதையாவது பாரு. அப்போதான் அதுக்குப் பயம் போகும்."

"உனக்கு எப்படியடா தெரியும்?"

அவன் பதில் சொல்லவில்லை. கூண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். மாலையில் அவன் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நான் மடியில் வைத்துக்கொள்ளும் அடிஸ்கேல் எனக்கு ஞாபகம் வந்தது.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பூனை, ஆந்தை, மனிதன் என்று, வேட்டையாடிப் பிழைக்கிற பிராணிகளில் பலவற்றுக்கு இரண்டு கண்களும் முகத்தில் முன்னால் இருக்கின்றன. பக்கவாட்டில் கண் உள்ள கிளிக்கு, நேருக்கு நேர் உற்றுப் பார்க்கிற முகம் தின்ன வருகிற முகம்தான்.

கூண்டை நெஞ்சு உயரத்தில் சுவரோரமாக மாட்டி, மூன்று பக்கமும் பழைய வேஷ்டியால் மறைத்தோம். எங்கள் கூடத்தில் கடப்பைக் கல் பாவியிருந்தது. கூண்டிலிருந்து ஐந்தாவது கல்லில் நாற்காலியைப் போட்டுப் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்தேன். கிளி ஒடுங்கினால் ஒரு கல் பின்வாங்குவேன். இறகை உப்பவிட்டு ஒற்றைக் காலில் நின்றால் அன்றைக்கு அந்தக் கல்லோடு சரி. சும்மா உட்கார முடியாமல், அப்போது எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையை உரக்கப் படித்தேன். கதாநாயகி கண்ணீர் விடுகிற கட்டத்தில் அது அலகை நறநறவென்று அரைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. அப்படி அரைப்பது நிம்மதிக்கு அடையாளம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். விமர்சனம் அல்லவென்று ஆறுதல்.

பச்சை மிளகாயைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு உடனே விலகி விடுவான் பையன். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது; அது ரசித்துச் சாப்பிடும். இப்படியாக மூன்று வாரத்தில் நான் இரண்டாவது கல்லுக்கு வந்துவிட்டேன்.

அந்தச் சமயம் பத்திரிகைக்கார நண்பர் ஒருவர் வந்தார். "என்ன ஸார், பழகிவிட்டதா?" என்றார். பேஷாகப் பழகிவிட்டது என்று காட்ட வேண்டாமா? கூண்டைத் திறந்து கையை உள்ளே விட்டேன். ஆள்காட்டி விரலில் எலும்பு தெரியாத குறைதான். கிளி கம்பியில் மோதி மோதி நெற்றியைக் காயப்படுத்திக்கொண்டது. மறுநாள் நான் ஐந்தாவது கல்லில் உட்கார்ந்தால்கூட அதற்குப் பொறுக்கவில்லை. கூடத்தை விட்டே வெளியே போக வேண்டியிருந்தது.

பையன் என்னைத் திட்டவில்லை. "முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்று மட்டும் சொன்னான். அன்று இரவு அடிஸ்கேலைப் பரண்மேல் போட்டேன்.

அவன்தான் பொறுமைசாலி. கூண்டு வாசலில் உள்ளங்கையை விரித்து, நடுவில் ஒரு வேர்க்கடலையை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நிற்பான். கை மரத்துப் போனால் மற்றக் கை. எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளி கழுத்தை நீட்டிக் கடலையை எடுத்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டுமாக உள்ள விரல்களால் அதைப் பிடித்து, உடைத்துத் தின்றது. பையன் மூச்சுவிடவில்லை, நானுந்தான். பத்துப் பதினைந்து நாளில் அது அவன் மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்தது. என் கைக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. கடி பட்ட விரலின்மேல் அந்தச் சில்லென்ற கால்கள் பட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏழாம் வாய்ப்பாட்டில் பையன் தப்பு விட்டால், பதிலை அவனே கண்டுபிடிக்கும்வரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகியதும் அந்த நாட்களில்தான்.

வெட்டிய இறகு வளராது. அடிக்கட்டை உதிர்ந்து புதிதாக முளைத்தால்தான் உண்டு. கட்டைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பையன் அவற்றைத் தீப்பெட்டியில் சேர்த்தான். புது இறகுகள் வளர்ந்ததும் கிளி கூடத்துக்குள்ளேயே பறந்து, பறந்து பழகியது.

எனக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. குச்சியைக் கண்டால் அலறுகிற கிளி வெளியே பிழைத்துக்கொள்ளும். கையைக் கண்டால் வந்து உட்காருகிற கிளியை எவன் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு போகலாமே! பாடுபட்டு அதற்கு நாங்கள் கற்றுக்கொடுத்தது நல்லதுதானா?

"வைத்துக்கொள்ளலாமாடா?" என்று பையனைக் கேட்டேன்.

அவன் வெகுநேரம் யோசித்தான். "அதுக்குச் சாயங்காலம் மத்த கிளியெல்லாம் போற சத்தம் கேட்கறதுப்பா" என்றான்.

மொட்டை மாடியில் கூண்டைத் திறந்து வைத்தோம். அரை மணி நேரம் கூண்டின்மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, எதிர்வீட்டு வேப்பமரத்துக்குப் பறந்தது. மூன்று நாள் மாலையில் வந்து கைப்பிடிச் சுவரில் வைத்த கொய்யாவைத் தின்றது. நாலாம் நாள் மூன்று கிளிகள் வந்தன. அவற்றில் எது நம்முடையது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. பையன் கையை நீட்டினான். மூன்றும் பறந்துவிட்டன. எனக்கு அப்பாடா என்றிருந்தது, அவன் அழுதான்.

கூண்டை என் மனைவி விற்க விடவில்லை. அடியைக் கழற்றிவிட்டு, பூனை வாய் வைக்காமல் பால் பாத்திரத்தின்மேல் கவிழ்த்து வைத்தாள். நாங்கள் அந்த ஜாகையைக் காலி செய்யும் வரையில் அது அதற்குத்தான் பயன்பட்டது.